கை கால் மடங்கும் ஜப்பான் பொம்மை: கொள்முதலுக்கு முன் கவனிக்க வேண்டியவை

மளிகைக் கடையில் பொம்மைக்கு என்ன வேலை என்று கேட்ட காலம் போய்விட்டது. அரிசி, பருப்பு, எண்ணெய் என்று இருந்த நமது கடைகளுக்குள் முதலில் நோட்டும் பேனாவும் வந்தன. பிறகு பிறந்த நாள் பரிசுச் சாமான்கள் வந்தன. அவற்றின் பின்னாலேயே பொம்மையும் வந்துவிட்டது. இப்போது பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரி மாணவர்களும் கல்லாவுக்கு முன் நின்று, "அண்ணாச்சி, கோக்கு இருக்கா? தஞ்சிரோ இருக்கா? ஒரிஜினலா?" என்று கேட்கிறார்கள். கேட்பது என்னவென்று தெரியாமல் நாம் விழிக்கக் கூடாது. தெரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு, கிடைத்த சரக்கை வாங்கி அடுக்குவது அதைவிடக் கெடுதல்.

கேட்பவர்கள் வருவதற்குக் காரணம் உண்டு. டோரேமான், ஷின்சான் போன்ற ஜப்பான் கார்ட்டூன்கள் தொலைக்காட்சியில் தமிழ் பேசி வீட்டுக்குள் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' வரிசையின் 'இன்ஃபினிட்டி காஸில்' படம் தமிழ்க் குரலிலும் நமது திரையரங்குகளுக்கு வந்தது. படம் ஓடினால் பொம்மை கேட்பார்கள். ஆகவே இந்தச் சரக்கை எப்படிப் பார்த்து மதிப்பிடுவது என்பதை, நாம் மிளகையும் சீரகத்தையும் பார்த்து வாங்கும் அதே கண்ணோடு இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

சரக்கு எது?

ஜப்பானியர் எடுக்கும் கார்ட்டூன் படத்துக்கு அனிமே என்று பெயர். அதில் வரும் பாத்திரங்களைப் பொம்மையாக்கி விற்பது அந்நாட்டில் பெரிய தொழில். இதில் இரண்டு வகை உண்டு. ஒரே நிலையில் அசையாமல் நிற்கும் சிலை வகை ஒன்று. கழுத்து, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் எல்லாம் மடங்கித் திரும்பும் வகை மற்றொன்று. இரண்டாவது வகையைத்தான் ஆக்ஷன் ஃபிகர் என்கிறார்கள். பெரும்பாலும் ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாக, 14, 15 செ.மீ. அளவில் இருக்கும்.

இதைச் செய்யும் நிறுவனங்களில் மூன்றின் பெயர்களை நாம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. முதலாவது காயோடோ. 1964-ல் ஒசாகா பகுதியில் மொரிகுச்சி என்னும் ஊரில் ஒன்றரை 'சுபோ' இடத்தில், அதாவது ஏறக்குறைய 53 சதுர அடியில், தொடங்கப்பட்ட மாதிரி பொம்மைக் கடை அது. கடை வைத்தவர் நூடுல்ஸ் கடை வைப்பதா, பொம்மைக் கடை வைப்பதா என்று முடிவு செய்ய முடியாமல், ஒரு மரவாளை நிறுத்தி அது சாய்ந்த பக்கத்தைப் பார்த்துத் தொழிலைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்வார்கள். நம்மில் பலருடைய கடையைவிடச் சிறிய கடை அது. பின்னாளில் அதுவே உற்பத்தி நிறுவனமாக வளர்ந்து, 2006-ல் 'ரிவோல்டெக்' என்ற பெயரில் மூட்டு மடங்கும் பொம்மைகளைக் கொண்டுவந்தது. இரண்டாவது மேக்ஸ் ஃபேக்டரி. இதன் 'ஃபிக்மா' வரிசை 2008-ல் வந்தது. மூன்றாவது பன்டாய். அதே 2008-ல் 'எஸ்.எச். ஃபிகுவார்ட்ஸ்' வரிசையைத் தொடங்கியது. 2018 முதல் பெரியவர்களுக்கான இத்தகைய சரக்குகள் 'பன்டாய் ஸ்பிரிட்ஸ்' என்ற பெயரில் வருகின்றன.

ஃபிக்மா வந்த புதிதில் மூவாயிரம் யென்னுக்குள் கிடைத்தது. இப்போது அதே வரிசையில் பத்தாயிரம் யென்னைத் தாண்டும் பொம்மைகள் பல. ஒரு பெட்டியில் இவ்வளவு பணம் முடங்குகிறது என்றால், பார்த்து வாங்க வேண்டியது அவசியமாகிறது.

மூட்டுதான் உயிர்

சிலை வகையில் அழகு இருந்தால் போதும். இந்த வகையில் மூட்டு சரியில்லை என்றால் அழகு இருந்தும் பயனில்லை. மாதிரிப் பெட்டி ஒன்றைத் திறந்து, தலையிலிருந்து கால் வரை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் கழுத்து. தலை மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்ப வேண்டும். நீண்ட முடியுள்ள பாத்திரங்களுக்கு முடி முதுகில் இடித்துத் தலை நிமிராது. அது பழுதல்ல, அமைப்பு. அடுத்து தோள். கையைத் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் தூக்கி விட்டுவிடுங்கள். அப்படியே நின்றால் நல்ல மூட்டு. தானாக இறங்கினால் தளர்ச்சி. முழங்கையும் முழங்காலும் நன்றாக மடங்க வேண்டும். பிறகு இடுப்பும் தொடையும். பொம்மையின் பாரம் முழுவதும் இங்கேதான் இறங்குகிறது. கடைசியாகக் கணுக்கால். இரண்டு காலையும் அகட்டி வைத்தால் பாதம் தரையில் படிந்து நிற்க வேண்டும். தாங்கி இல்லாமல் பொம்மையை நிறுத்தி, கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். சாயாமல் நின்றால் இடுப்பும் கணுக்காலும் தேறிவிட்டன என்று கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் பலவீனமான இடம் மணிக்கட்டு. கையை மாற்றி மாட்டுவதற்காக அங்கே தீக்குச்சியைவிட மெல்லிய முளை ஒன்று இருக்கும். முறியும் பொம்மை பெரும்பாலும் இங்கேதான் முறிகிறது. இதற்காகவே சில பெட்டிகளில் உபரி முளை வைத்திருப்பார்கள். கையை மாற்றும்போது முளையைப் பிடித்துக்கொண்டு நேராக இழுக்க வேண்டும், திருகக் கூடாது. வாங்குகிறவரிடம் இதை ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தால் பாதிப் புகார்கள் குறைந்துவிடும்.

புதிய பொம்மையில் மூட்டு இறுகி இருந்தால் பலம் காட்டக் கூடாது. சாயம் ஒட்டிக்கொண்டு இறுகியிருக்கலாம். அந்தப் பாகத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வைத்தால் பிளாஸ்டிக் இளகி அசையத் தொடங்கும். கொதிக்கும் தண்ணீர் உதவாது, பாகம் கோணிவிடும்.

முகமும் சாயமும்

பொம்மைக்கு முகமே விலை. கண்ணும் புருவமும் அச்சில் பதிக்கப்படுகின்றன. இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, விழியின் ஓரம் கலங்காமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஆடையின் ஓரத்தில் ஒரு நிறம் இன்னொன்றின் மேல் வழிந்திருந்தால் இரண்டாம் தரம் என்று ஒதுக்கலாம். மூட்டை நாலு முறை மடக்கிய பிறகு, உள்பக்கத்தில் சாயம் உரிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வெள்ளை உடைக்கு அருகே கறுப்பு அல்லது சிவப்பு நிறப் பாகம் உரசும் பொம்மைகளில் இது முக்கியம். கறை ஏறிவிட்டால் போகாது.

துணைச் சாமான்களை எண்ணுங்கள்

இந்தச் சரக்கில் வியாபாரி ஏமாறுவதும் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பெட்டிக்குள் இருப்பது ஒரு பொம்மை அல்ல, ஒரு செட். மாற்று முகங்கள், மாற்றுக் கைகள், ஆயுதம், தாங்கி எல்லாம் சேர்ந்துதான் அந்த விலை.

'டிராகன் பால்' கதையின் கோக்குவை எடுத்துக்கொள்வோம். அக்கிரா தோரியாமா 1984 முதல் 1995 வரை வார இதழில் வரைந்த சித்திரக் கதையின் நாயகன் அவன். இரண்டு உள்ளங்கையையும் விரித்து ஒளிக்கதிரை வீசுவது அவனுடைய முத்திரை. அதற்கு விரித்த கை வேண்டும். சண்டைக்கு மூடிய முஷ்டி வேண்டும். நினைத்த இடத்துக்கு மாயமாகப் போக இரு விரலை நெற்றியில் வைப்பான். அதற்கு வேறொரு கை. சாதாரண முகம், கத்தும் முகம் என்று முகமும் மாறும். இவற்றில் ஒரு கை குறைந்தாலும், ரசிகனுக்கு அது ஓட்டை விழுந்த மூட்டைதான். 'டீமன் ஸ்லேயர்' நாயகன் தஞ்சிரோவுக்கு வாளும், தங்கையைச் சுமந்து செல்லும் மரப்பெட்டியும் அதுபோல. பொம்மை முழுதாக இருந்து அந்த வாள் மட்டும் இல்லை என்றாலும் கேட்டு வந்தவன் திரும்பிப் போய்விடுவான்.

இங்கே ஒரு நுணுக்கம். இல்லாதது வேறு, காணாமல் போனது வேறு. ஃபிக்மா பெட்டிகளில் பொம்மையைத் தாங்கும் ஸ்டாண்டும், உதிரிகளைப் போட்டு வைக்க ஜிப் பையும் சேர்ந்தே வருவது வழக்கம். எஸ்.எச். ஃபிகுவார்ட்ஸில் ஸ்டாண்டு பெரும்பாலும் தனிச் சரக்கு. இது தெரியாவிட்டால், "ஸ்டாண்டு எங்கே?" என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு நாம் வீணாக நஷ்ட ஈடு கொடுப்போம்; அல்லது உண்மையிலேயே ஸ்டாண்டு குறைந்த பெட்டியை மொத்த விலைக்கு வாங்கிவிடுவோம். பெட்டியின் பின்புறத்திலோ உள்ளே இருக்கும் தாளிலோ என்னென்ன உண்டு என்று படம் போட்டிருப்பார்கள். ஜப்பான் எழுத்து தெரிய வேண்டியதில்லை. படத்தை வைத்து எண்ணினால் போதும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு மூட்டுக்குச் சரி, உதிரிக்குச் சரிவராது. ஒரு பெட்டி முழுதாக இருப்பதால் அடுத்த பெட்டியும் முழுதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. தராசும் உதவாது, ஒரு சின்னக் கை காணாமல் போனால் எடையில் தெரியாது. ஆனால் பல பெட்டிகளுக்கு முன்புறம் கண்ணாடித் தாள் இருக்கும். உள்ளே பிளாஸ்டிக் தட்டில் ஒவ்வொரு உதிரிக்கும் தனிக்குழி. குழி காலியா என்று கண்ணால் பார்த்துவிடலாம். சேகரிப்பவர்கள் ஒட்டு பிரிக்காத பெட்டியையே விரும்புவதால், மாதிரி ஒன்றைத் தவிர மற்றவற்றை நாம் திறக்கக் கூடாது. விற்கும்போது வாடிக்கையாளர் சம்மதித்தால் அவர் முன்னாலேயே திறந்து எண்ணிக் காட்டி, பில்லில் 'எண்ணிக் கொடுக்கப்பட்டது' என்று எழுதிவிடுவது இருவருக்கும் நல்லது.

போலிச் சரக்கு

எங்களிடம் சரக்கெடுக்கும் ஒரு கடைக்காரருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். வெளியூரில் ஒரு மொத்த வியாபாரியிடம் கோக்கு பொம்மை இரண்டு டஜன் மலிவாக எடுத்து வந்தார். பெட்டி பளபளப்பாக இருந்தது. 'ஒரிஜினல்' என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்; இவரும் அப்படியே சொல்லி விற்றார். தெருக்கோடியில் உள்ள ஒரு வீட்டுப் பையன் உண்டியல் காசைச் சேர்த்து வைத்து ஒன்று வாங்கிப் போனான். அன்று மாலையே கையை மாற்றும்போது மணிக்கட்டு முறிந்தது. மறுநாள் அவன் தகப்பனார் வந்து கேட்டார். வார்த்தை தடித்தது. அந்தப் பொம்மையில் கடைக்காரருக்குக் கிடைத்த லாபம் 150 ரூபாய். அந்த வீட்டின் பதினோரு வருட மாத மளிகைக் கணக்கு அத்தோடு முடிந்தது. பையன் ஏமாந்த காசைவிட அவன் ஏமாந்தான் என்பதுதான் அந்தக் குடும்பத்துக்குப் பெரிதாகப் பட்டது. நாம் பொம்மை வியாபாரி அல்ல, மளிகை வியாபாரி. பொம்மையில் போகும் பெயர் புளியிலும் பருப்பிலும் சேர்ந்தே போகிறது.

போலியைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. பெட்டியின் அச்சு மங்கலாகவோ, எழுத்துப் பிழையோடோ இருக்கும். திறந்தவுடன் நெடி அடிக்கும். பிளாஸ்டிக் தொட்டால் பிசுக்கென்றோ, அளவுக்கு மீறிப் பளபளவென்றோ இருக்கும். அச்சில் வார்த்த கோடு முகத்திலும் கையிலும் தடித்துத் தெரியும். மாற்றுக் கை முளையில் ஏறாது, அல்லது ஏறினால் நிற்காது. உண்மைச் சரக்கின் பெட்டியில் தயாரிப்பாளர் பெயரும், கதையின் உரிமையாளர் பெயரும் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். டிராகன் பால் போன்ற தோயே அனிமேஷன் நிறுவனப் படங்களுக்கான ஜப்பான் சரக்கு பலவற்றில் அந்நிறுவனத்தின் உரிம ஸ்டிக்கரும் காணப்படும். தொப்பி போட்ட பூனை முகம் அந்நிறுவனத்தின் சின்னம். 1969-ல் அவர்கள் எடுத்த படத்தின் பூனை அது. ஆனால் ஸ்டிக்கரையும் போலியாக அடிக்கிறார்கள். எனவே ஒரு அடையாளத்தை மட்டும் நம்பாமல் நாலைந்தையும் சேர்த்துப் பாருங்கள். ஜப்பானிலேயே பல ஆயிரம் யென் விலையுள்ள சரக்கு இங்கே 400 ரூபாய்க்கு மொத்தத்தில் கிடைக்கிறது என்றால் மற்ற சோதனைகள் தேவையே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

போலி என்று தெரிந்தே விற்பது பெயர்க்கேடு மட்டுமல்ல, குற்றமும் ஆகும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திலும், 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டத்திலும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் உண்டு.

அடுத்து, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடுவதற்கான பொம்மைகளுக்கு, 2020-ஆம் ஆண்டுப் பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஜப்பான் நிறுவனங்களின் ஆக்ஷன் ஃபிகர் பெட்டிகளில் 15 வயதுக்கு மேற்பட்டவருக்கு என்று அச்சிட்டிருப்பார்கள். அதைக் காட்டி 'இதற்கு முத்திரை வேண்டாம்' என்று விற்பனையாளர் சொன்னால், அதை எழுத்தில் வாங்கி உங்கள் ஆடிட்டரிடம் காட்டிய பிறகு கொள்முதல் செய்யுங்கள். வயதுக் குறிப்பு சும்மா போட்டதல்ல. உதிரிக் கைகள் பட்டாணி அளவுதான். சிறு குழந்தை வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும். குழந்தைக்கு என்று கேட்டு வருபவருக்கு இதைக் கொடுக்காமல் வேறு பொம்மை கொடுப்பதே தர்மம்.

இறக்குமதிப் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை கொண்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். நமது மளிகைப் பாக்கெட்டுக்கு உள்ள பொட்டலப் பொருள் விதிதான் இதற்கும். பொம்மைக்கான இறக்குமதித் தீர்வை 2020-ல் 20 சதவிகிதத்திலிருந்து 60 சதவிகிதமாகவும், 2023-ல் 70 சதவிகிதமாகவும் உயர்த்தப்பட்டது. ஆகவே பில்லோடு வரும் உண்மைச் சரக்கு மலிவாக இருக்க வழியில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

விலையும் இருப்பும்

ஜப்பானில் இந்தச் சரக்கைப் பெரும்பாலும் முன்பதிவு முறையில் விற்கிறார்கள். முதலில் படத்தை வெளியிட்டு, ஆர்டர் சேர்த்து, பல மாதம் கழித்துச் சரக்கை அனுப்புவார்கள். அது தீர்ந்ததும் விலை ஏறும். ரசிகர்கள் இரண்டு மடங்கு கூடக் கொடுப்பார்கள். இதைப் பார்த்து நாம் ஏறிய விலைக்கு வாங்கி அடுக்கக் கூடாது. கேட்பு இருந்தால் நிறுவனமே மறுபடி தயாரித்து வெளியிடும்; அன்று விலை இறங்கிவிடும். வெங்காயத்தில் நாம் பார்க்காத ஏற்ற இறக்கமா? வெங்காயம் அழுகும் என்ற பயத்தில் அதையாவது விற்றுத் தீர்ப்போம். பொம்மை அழுகாது, பணத்தைப் பிடித்துக்கொண்டு அலமாரியில் உட்கார்ந்திருக்கும்.

பழைய சரக்கை மதிப்பிடுவதில் ஜப்பான் கடைக்காரர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. தோக்கியோவின் நக்கானோ பகுதியில் 1980-ல் பழைய சித்திரக் கதைப் புத்தகக் கடையாகத் தொடங்கிய மந்தராகே, இன்று பொம்மைகளையும் வாங்கி விற்கிறது. இத்தகைய கடைகளில் பெட்டியின் மேல் குறையை எழுதியே ஒட்டிவிடுவார்கள். பெட்டி நசுங்கியது, பிரித்தது, ஒரு கை இல்லை, பொம்மை மட்டும் என்று தெளிவாக இருக்கும். குறைக்குத் தக்கபடி விலையும் குறையும். வாங்குபவனும் தெரிந்தே வாங்குகிறான். திரும்ப வந்து சண்டை போடுவதில்லை. நாமும் நசுங்கிய பெட்டியை மூட்டையின் அடியில் ஒளிக்காமல், குறையை எழுதி விலை குறைத்து முன்னால் வைக்கலாம்.

எங்கே வைப்பது?

இந்தப் பொம்மைகள் பெரும்பாலும் பி.வி.சி., ஏ.பி.எஸ். என்ற இருவகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. முடி, அங்கி போன்ற வளையும் பாகங்கள் பி.வி.சி.; கெட்டியானவை ஏ.பி.எஸ். நமது சித்திரை வெயிலில் பி.வி.சி. இளகும். ஒற்றைக் காலில் நிற்கவைத்த பொம்மை மெல்லச் சாய்ந்துவிடும். மூடிய பெட்டிக்குள் வெப்பம் தேங்கினால் மேற்பரப்பு பிசுபிசுக்கும். வெயில் நேராகப் படும் கண்ணாடி அலமாரியில் வைத்தால் வெள்ளை நிறம் மஞ்சளாகும். எண்ணெய் டின், மிளகாய்த் தூள், பெருங்காயம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. தூள் மூட்டில் இறங்கும், வாசனை பெட்டியில் ஏறும். அந்துருண்டை போடவே கூடாது. அதன் ஆவி பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். பெட்டிகளின் மேல் பாரம் ஏற்றாமல், நிழலான மேல்தட்டில் நிறுத்தி வையுங்கள்.

தொடங்குபவர்களுக்கு

புதிதாக இந்தச் சரக்கைத் தொடுபவர்கள் கேட்புள்ள இரண்டு பாத்திரங்களில் நாலைந்து பெட்டிக்கு மேல் எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் யோசனை. பில் கொடுக்காதவரிடம் ஒரு பெட்டி கூட வேண்டாம். மாதிரியைத் திறந்து மூட்டைப் பாருங்கள், முகத்தைப் பாருங்கள், ஒவ்வொரு பெட்டியிலும் குழியை எண்ணுங்கள். மலிவுச் சரக்கும் விற்கத்தான் வேண்டும் என்றால், பிரபலப் பெயரைத் திருடாத, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள உள்நாட்டுப் பொம்மைகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றை அவற்றின் பெயரிலேயே விற்கலாம். "ஒரிஜினலா அண்ணாச்சி?" என்று ஒரு பையன் கேட்டால், ஆமாம் என்றோ இல்லை என்றோ நாம் தயங்காமல் பதில் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாத சரக்கைக் கடைக்குள் ஏற்றாமல் இருப்பதே நமக்கும் வாடிக்கையாளருக்கும் லாபம்.